பரப்புக்கவர்தல்: மண் பிடித்துவைக்கும் களைமருந்து

ஒரு பொருளின் மூலக்கூறுகள் இன்னொன்றின் மேற்பரப்பில் ஒட்டி நிற்பது பரப்புக்கவர்தல். ஆங்கிலத்தில் அட்சார்ப்ஷன்; ஜெர்மன் இயற்பியலாளர் ஹைன்ரிக் கைசர் 1881-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். உறிஞ்சுவதைக் குறிக்கும் லத்தீன் வினையோடு 'அட்' என்ற முன்னொட்டு சேர்ந்தது. இலங்கைத் தமிழில் இது புறத்துறிஞ்சல், உள்ளிழுப்பது அகத்துறிஞ்சல். தமிழ்நாட்டு வழக்கைவிட இந்த இணை தெளிவானது. இரண்டையும் 'உறிஞ்சுதல்' என்று எழுதினால், மண் உறிஞ்சியதும் மருந்து தீர்ந்தது என்றே படிப்பவர் நினைப்பார். தீரவில்லை, பிடிபட்டு நிற்கிறது.

பிடி மருந்துக்கு மருந்து வேறு. பாராகுவாட் என்ற களைமருந்து நேர்மின்னூட்டம் கொண்டது, களிமண்ணின் பரப்போ எதிர்மின்னூட்டம். கரிசலில் உள்ள மான்ட்மோரில்லோனைட் களியின் அடுக்குகளுக்கு இடையே அது புகுந்துகொள்ளும். ஆண்டுக்கணக்கில் மண்ணில் இருந்தாலும் பயிரின் வேருக்கு எட்டாது. கிளைபோசேட்டைப் பிடிப்பவை இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள். அதே இடத்துக்கு பாஸ்பேட்டும் போட்டியிடுவதால், பாஸ்பேட் மிகுந்த மண்ணில் அதன் பிடி தளரும். கலங்கிய வாய்க்கால் தண்ணீரில் இவ்விரண்டில் எதைக் கலந்தாலும் களை சாகாததற்கும் இந்தப் பிடிப்பே காரணம்: தெளிப்பானுக்குள்ளேயே சேறு மருந்தைப் பிடித்துவிடுகிறது. தெளிந்த நீர்தான் வேண்டும்.

அட்ரசின் அப்படியல்ல. அதைப் பெரும்பாலும் பிடிப்பது மக்கு, அதுவும் தளர்வாக. எவ்வளவு பிடிபடும் என்பதைப் பங்கீட்டுக் கெழு சொல்லும்: ஒரு கிலோ மண்ணில் ஒட்டிய மில்லிகிராமை, ஒரு லிட்டர் மண்நீரில் கரைந்துள்ள மில்லிகிராமால் வகுத்தால் வரும் எண். அட்ரசினுக்கு மக்கிலுள்ள கரிமத்தை மட்டும் வைத்துக் கணித்த கெழு சுமார் 100; அதை மண்ணின் கரிமப் பங்கால் பெருக்க வேண்டும். கரிமம் 0.5 சதவீதமுள்ள மண்ணில் பங்கீட்டுக் கெழு 0.5 ஆகிறது, 2 சதவீதமானால் 2. கிலோவுக்கு 200 மில்லி ஈரம் இருக்கும்போது முதல் மண்ணில் ஏறத்தாழ 29 சதவீத மருந்து நீரில் திரியும், இரண்டாவதில் 9 சதவீதம்தான். ஒரே அளவு அடித்தும் ஒரு வயலில் பயிர் கருக, பக்கத்து வயல் தப்பிப்பது இதனால்தான். களர்த்தன்மையும் வறட்சியும் சேர்ந்தால் அட்ரசின் சிதைவதும் மெதுவாகும்.

நாளாக நாளாக மருந்து மண் துகளின் நுண்துளைகளுக்குள் நகர்ந்து, கரைப்பானாலும் பிரித்தெடுக்க முடியாத 'பிணைந்த எச்சம்' ஆகலாம். ஆய்வறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்று வந்தால் அழிந்துவிட்டது என்று படிக்கக்கூடாது. அதேபோல எச்சம் இருக்கிறது என்பதாலேயே பயிருக்குக் கேடு என்றும் இல்லை.

மக்காச்சோளத்துக்கு 50 சத அட்ரசின் தூளை ஹெக்டேருக்கு 500 கிராம், விதைத்த 3-ஆம் நாள் அடிப்பது வழக்கமான பரிந்துரை. பயறு ஊடுபயிரானால் அட்ரசின் கூடாது. அடுத்த போகத்தில் பயறு, வெள்ளரி போடுவதற்கு முன் தொட்டிச் சோதனை செய்யலாம். பல இடங்களில் 10 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து ஒரு தொட்டியிலும், மருந்து படாத அதே வகை மண்ணை இன்னொன்றிலும் நிரப்பி வெள்ளரி விதையுங்கள். முளைப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். அட்ரசின் ஒளிச்சேர்க்கையைத் தடுக்கும் மருந்து, விதையில் இருப்பு உள்ளவரை நாற்று நன்றாகவே நிற்கும். 2, 3 வாரம் பொறுத்து முதிர்ந்த இலைகளின் ஓரத்தைப் பாருங்கள். மருந்து பட்ட மண்ணில் மட்டும் மஞ்சளாகிக் கருகினால் அந்தப் போகத்துக்கு மக்காச்சோளமோ சோளமோ போடுவது நல்லது.