பாரில் ரெய்டு வந்தால் உங்கள் பாக்கெட்டையும் சோதிக்கலாமா?

சனிக்கிழமை இரவு. பாரிலோ லாட்ஜ் வரவேற்பறையிலோ உட்கார்ந்திருக்கிறீர்கள். போலீஸ் உள்ளே வருகிறது. "எல்லாரும் எந்திரிங்க, பாக்கெட்ல இருக்கறத எடுத்து டேபிள் மேல வைங்க." முக்கால்வாசிப் பேர் மறுபேச்சில்லாமல் எடுத்து வைத்துவிடுவார்கள். ஆனால் இடத்தைச் சோதிப்பது வேறு, அங்கிருக்கும் ஆளைச் சோதிப்பது வேறு என்றுதான் சட்டம் சொல்கிறது.

2024 ஜூலை 1 முதல், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய 100-வது பிரிவு இப்போது 103. மூடிய இடத்தில் நடக்கும் சோதனை பற்றியது இது. தேடிவந்த பொருளை ஒருவர் தன் உடம்பில் மறைத்து வைத்திருக்கிறார் என்று நியாயமான சந்தேகம் இருந்தால் அவரைச் சோதிக்கலாம் என்கிறது. 'அவர்' என்பதுதான் இங்கே முக்கியம். சந்தேகம் அந்த ஆள் மேல் இருக்க வேண்டும். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தார் என்பது போதாது. பெண்ணாக இருந்தால் இன்னொரு பெண்தான் சோதிக்க வேண்டும், அதுவும் கண்ணியம் குறையாமல்.

சோதனைக்கு அந்தப் பகுதியைச் சேர்ந்த, வழக்கில் சம்பந்தமில்லாத இரண்டு பேராவது சாட்சியாக இருக்க வேண்டும். உங்களிடமிருந்து எதையாவது எடுத்தால் பட்டியல் போட்டு, நகல் ஒன்றை உங்களிடம் தர வேண்டும். மகஜர் என்று ஸ்டேஷனில் சொல்வது இதைத்தான். வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். புதிதாக வந்த 105-வது பிரிவு இன்னும் பயனுள்ளது: சோதனையையும் பறிமுதலையும் ஒலி, ஒளிப்பதிவு செய்து தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். செல்போனில் எடுத்தாலே போதும் என்று சட்டமே சொல்வதால், கேமரா இல்லை என்ற சாக்கு இனி எடுபடாது.

கஞ்சா, மாத்திரை என்று வந்தால் கதை மாறும். 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், 43-வது பிரிவில், ஓட்டல், கடை, பஸ், பொதுமக்கள் வந்துபோகும் எந்த இடத்தையும் 'பொது இடம்' என்கிறது. அங்கே வாரண்ட் இல்லாமலே சோதிக்கலாம். ஆனால் நீங்கள் குற்றம் செய்திருப்பதாக நம்ப அதிகாரிக்குக் காரணம் இருக்க வேண்டும்.

இந்த விரிந்த அதிகாரத்துக்குப் போட்ட கடிவாளம் 50-வது பிரிவு. உடம்பைத் தொடுவதற்கு முன்பே, "கெசட்டட் அதிகாரி முன்னிலையிலோ மாஜிஸ்திரேட் முன்னிலையிலோ சோதிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது" என்று உங்களிடம் சொல்லியாக வேண்டும். கேட்டால் அழைத்துப் போக வேண்டும். சந்தேகத்துக்கு அடிப்படையே இல்லை என்று அந்த அதிகாரிக்குத் தோன்றினால் அங்கேயே விட்டுவிட வேண்டும். ஒப்புக்குச் சொன்னோம் என்பது செல்லாது என்று 2010-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதியாகச் சொன்னது. நாலு பேரை வரிசையில் நிறுத்தி மொத்தமாகச் சொல்வதும் செல்லாது, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்றது 2014-ல் வந்த இன்னொரு தீர்ப்பு. நண்பர்கள் கூட்டமாக மாட்டும் இடங்களில் இந்தத் தீர்ப்பு ரொம்பப் பொருந்தும்.

இந்தக் கடிவாளத்திலும் ஓட்டைகள் உண்டு. பை உடம்பு ஆகாது. தோளில் தொங்கும் பையைத் திறக்க 50-வது பிரிவு தடையில்லை என்று 2005-லேயே தீர்ப்பாகிவிட்டது. வேறு ஏதோ விஷயத்துக்காகச் சோதிக்கும்போது தற்செயலாகப் போதைப்பொருள் சிக்கினாலும் அது பொருந்தாது. அழைத்துப் போவதற்குள் பொருளைக் கைமாற்றிவிடுவார் என்று அதிகாரி நம்பினால் அங்கேயே சோதிக்கலாம். ஆனால் காரணத்தை எழுதி, 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும்.

முறை தவறிச் சோதித்தால் வழக்கு தானாக விழுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சட்டவிரோதச் சோதனையில் கிடைத்த சான்றையும் நம் நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்கின்றன. 50-வது பிரிவை மீறி உடம்பிலிருந்து எடுத்த போதைப்பொருள்தான் விதிவிலக்கு. அதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்று 1999-ல் தீர்ப்பு வந்தது. வேண்டுமென்றே தொல்லை கொடுக்கும் நோக்கில் சோதித்த அதிகாரிக்கும் இதே சட்டத்தின் 58-வது பிரிவில் தண்டனை உண்டு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்க்கு எந்த அதிகாரி பயப்படுவார் என்று கேட்காதீர்கள்.

சரி, அந்த நேரத்தில் என்ன செய்வது? கையைத் தட்டிவிடாதீர்கள், ஓடாதீர்கள். பணி செய்யவிடாமல் தடுத்ததாகத் தனி வழக்கு வரும். "எதுக்காக சார் சோதிக்கிறீங்க? மாஜிஸ்திரேட் முன்னாடி சோதிங்க, வீடியோ எடுக்கச் சொல்லுங்க" என்று சத்தமாக, மரியாதையாகச் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவர் காதிலும் விழட்டும். தேதி, நேரம், சட்டையில் இருந்த பெயர்ப் பட்டை எல்லாவற்றையும் அன்றே குறித்து வையுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுப்பதென்றால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும்.