வெட்டின மாத்திரை அட்டையை அனுப்பாதீர்கள்

2015 ஏப்ரலில் நேபாளத்தில் நிலநடுக்கம் வந்த அடுத்த வாரம், எங்கள் பகுதிப் பையன்கள் வீடு வீடாகப் போய் மருந்து சேர்த்து, பதினேழு பெட்டிகளைக் கொண்டுவந்து என் மருந்துக் கடை வாசலில் இறக்கினார்கள். "அண்ணா, பிரிச்சு மட்டும் கொடுங்க, இன்னைக்கே ஏத்திடலாம்" என்றார்கள். மூன்று பேர் இரண்டு ராத்திரி உட்கார்ந்து பிரித்தோம். அனுப்பக்கூடியதாகத் தேறியது இரண்டே பெட்டி.

பெரும்பாலும் வெட்டின அட்டைகள். கடையில் நாலு மாத்திரை வெட்டிக் கொடுக்கும்போது தேதியும் பேட்ச் நம்பரும் அச்சான ஓரம் எங்களிடமே தங்கிவிடும், அதனால் உங்கள் வீட்டில் மிஞ்சுவது எப்போது காலாவதி என்று யாராலும் சொல்ல முடியாது. அப்புறம் திறந்த இருமல் மருந்து. 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய இன்சுலின், வெயிலில் வந்த கேரிபேக்கில். நடுவில் டயஸெபாம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரை அட்டை ஒன்று. அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிற மருந்து, சுங்கத்தில் கண்ணில் பட்டால் மொத்தச் சரக்கும் நின்றுவிடலாம்.

அன்போடு கொடுத்ததை வேண்டாம் என்று சொல்வது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே என்ன ஆகும் என்று தெரிந்ததால் சொன்னேன். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் அச்சேவில் சுமார் 4,000 டன் மருந்து குவிந்தது. ஏறத்தாழ 60 சதவீதம் அந்த நாட்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லை, 70 சதவீதத்தின் லேபிள் அங்குள்ளவர்களுக்குப் புரியாத மொழியில். சுமார் 600 டன்னை அழிக்க வேண்டியிருந்தது, மருந்தை அழிப்பது குப்பையைக் கொளுத்துவது மாதிரி இல்லை, அதற்கும் பெரிய செலவு. 1988 ஆர்மீனிய நிலநடுக்கத்தில் வந்து சேர்ந்த 5,000 டன்னில் என்னென்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே 50 பேருக்கு ஆறு மாதம் ஆனது. காயம்பட்டவர்களைப் பார்க்க வேண்டிய நேரத்தில் ஐம்பது பேர்!

ஆர்மீனியா மாதிரி அனுபவங்களைப் பார்த்துத்தான் உலக சுகாதார நிறுவனம், சுனாமிக்கு முன்பே, 1996-ல் விதிமுறை எழுதியது. கேட்டதை மட்டும் அனுப்பு, கம்பெனி வைத்த பெயர் மட்டும் போதாது, மருந்தின் பொதுப்பெயரும் லேபிளில் இருக்கட்டும், போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருடமாவது காலாவதிக்கு மீதி இருக்கட்டும், நோயாளிகள் திருப்பிக் கொடுத்த மருந்து வேண்டவே வேண்டாம்.

சரி, பிரஷர், சுகர் மாத்திரை வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும், இடிபாட்டுக்குள் மாத்திரையை விட்டுவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் திறக்காத பெட்டியாக, எத்தனை வேண்டும் என்று அங்கிருப்பவர்கள் சொன்ன பிறகு.

அந்தப் பையன்களிடம் பணமாகச் சேர்க்கச் சொன்னேன். காத்மாண்டுவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு மருத்துவக் குழுவிடம் பட்டியல் வாங்கினோம், மாவுக்கட்டு பேண்டேஜ், சலைன், கையுறை, காஸ் துணி என்று ஒரு பக்கம்கூட வரவில்லை. மொத்த வியாபாரியிடம் அப்படியே வாங்கி, ஒவ்வொரு பெட்டி மேலும் பெயர், எண்ணிக்கை, காலாவதி தேதி எழுதி ஒட்டினோம். வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது.