பதிவு நீக்கப்பட்டாலும் புகார் தள்ளப்பட்டாலும்: ஐரோப்பிய ஒன்றியத்தில் பயனருக்குள்ள முறையீட்டு உரிமை

சமூக ஊடகத் தளமொன்று நம் பதிவை நீக்கினாலும், நாம் கொடுத்த புகாரை ஏற்க மறுத்தாலும், அந்த முடிவை எதிர்த்து முறையிட ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் வழி செய்கிறது. 2022-இல் இயற்றப்பட்ட இச்சட்டம், ஒன்றியத்தில் மாதந்தோறும் 4.5 கோடிப் பயனர்களுக்குக் குறையாத மிகப் பெரிய தளங்களுக்கு 2023 ஆகஸ்ட் இறுதியிலிருந்தும், ஏனையவற்றுக்கு 2024 பிப்ரவரி 17 முதலும் பொருந்துகிறது.

புகார் கொடுப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது, எந்தப் பிரிவில் கொடுக்கிறோம் என்பதை. 'பிடிக்கவில்லை', 'தளத்தின் விதிக்கு முரண்' என்பவை வேறு. 'சட்டவிரோத உள்ளடக்கம்' என்பது வேறு. சட்டம் வகுத்துள்ள அறிவிப்பு முறை பின்னதற்கே உரியது. அதைப் பல அடுக்குகளுக்கு உள்ளே ஒளித்து வைக்கும் வழக்கமும் இருக்கிறது. 'மோசமான பதிவு' என்று மட்டும் எழுதினால் போதாது. ஒருவரது படத்தை வைத்துப் போலிக் கணக்கு தொடங்கிப் பணம் கேட்கிறார்கள் என்றால், அந்தக் கணக்கின் சரியான இணைய முகவரி, அது ஏன் சட்டவிரோதம் என்ற விளக்கம், புகார்தாரரின் பெயர், மின்னஞ்சல், சொல்வது உண்மையென நம்புகிறேன் என்ற உறுதிமொழி ஆகியவை வேண்டும். சிறார் மீதான பாலியல் குற்றங்கள் குறித்த புகாருக்குப் பெயரும் மின்னஞ்சலும் கட்டாயமில்லை. புகார் கிடைத்ததற்கான ஒப்புகையையும் பின்னர் எடுத்த முடிவையும் தளம் தெரிவிக்க வேண்டும்.

பதிவிட்டவருக்குக் கிடைக்கும் முக்கியமான ஆயுதம், தளம் தர வேண்டிய காரண விளக்கம். நீக்கம், கணக்கு முடக்கம், வருமானத் தடை ஆகியவற்றோடு, சத்தமில்லாமல் பதிவு பலரைச் சென்றடையாதபடி செய்வதற்கும் இது பொருந்தும். எந்தச் சட்டம் அல்லது எந்த விதி மீறப்பட்டது, முடிவுக்கு ஆதாரமான விவரங்கள் எவை, தானியங்கிக் கருவி பயன்பட்டதா, எங்கே முறையிடலாம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். 'எங்கள் சமூக விதிகளை மீறினீர்கள்' என்ற ஒற்றை வரி இந்தத் தேவையை நிறைவு செய்யாது. அந்த அறிவிப்பை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது. அடுத்த படிகளில் எல்லாம் அதைத்தான் கேட்பார்கள்.

முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து குறைந்தது 6 மாதங்களுக்குத் தளத்திடமே கட்டணமின்றி முறையிடலாம். பதிவிட்டவருக்கு மட்டுமல்லாமல், புகார் மறுக்கப்பட்டவருக்கும் இந்த உரிமை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. முறையீட்டைத் தானியங்கிக் கருவியிடம் மட்டும் விட்டு முடிவு செய்யக் கூடாது. தகுதியுள்ள பணியாளரின் மேற்பார்வை தேவை.

அதிலும் தீராவிட்டால், டிஜிட்டல் சேவைகள் ஒருங்கிணைப்பாளர்கள் (உறுப்பு நாடுகளில் இச்சட்டத்தைக் கண்காணிக்கும் அமைப்புகள்) சான்றளித்த, நீதிமன்றத்திற்கு வெளியே தகராறு தீர்க்கும் அமைப்புகளில் ஒன்றைப் பயனரே தேர்ந்தெடுக்கலாம். 90 நாட்களுக்குள்ளும், மிகவும் சிக்கலான வழக்கானால் 180 நாட்களுக்குள்ளும் முடிவு வர வேண்டும். பயனரிடம் கட்டணமே இல்லை, அல்லது பெயரளவுக்கு மட்டும். பயனர் பக்கம் தீர்ப்பானால் செலவைத் தளம் ஏற்க வேண்டும்; எதிராகப் போனாலும், வெளிப்படையாகத் தீய நோக்கத்துடன் நடந்திருந்தாலன்றி, தளத்தின் செலவைப் பயனர் தலையில் கட்ட முடியாது. இம்முடிவு தளத்தைக் கட்டுப்படுத்தாது என்பது இம்முறையின் பெரிய பலவீனம். நீதிமன்றக் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது.

தளம் சட்டத்தையே மீறுகிறது என்று கருதினால், வசிக்கும் நாட்டின் ஒருங்கிணைப்பாளரிடம் புகார் தரலாம். ஜெர்மனியில் அது பெடரல் நெட்வொர்க் முகமை, பிரான்சில் ஆர்கோம். மீறும் நிறுவனத்திற்கு உலகளாவிய ஆண்டு வருவாயில் 6 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம்.

50-க்கும் குறைவான பணியாளர்களும் ஆண்டுக்கு 1 கோடி யூரோவுக்கு மிகாத வருவாயும் கொண்ட சிறு நிறுவனங்களின் தளங்களுக்கு, உள்முறையீடு, தகராறுத் தீர்வு ஆகிய கடமைகள் பொதுவாகப் பொருந்தாது. ஆதாரமற்ற புகார்களை அடிக்கடி குவிப்பவரின் புகார்களைப் பரிசீலிப்பதை, முன்னெச்சரிக்கை தந்த பின், தளம் சில காலம் நிறுத்தி வைக்கலாம்.