ஒன்பது மாசம் ஆச்சு, அப்புறம் என்ன?

நியூ ஜெர்சியில் பிசியோதெரபிஸ்ட்டாக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள். வாரம் முழுக்க நாற்காலி, சனிக்கிழமை கிரிக்கெட், திங்கட்கிழமை நொண்டிக்கொண்டே என் அறை. இந்த வாரம் வந்த தம்பியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. இதே கதையோடு இந்த வருடம் வந்த நான்காவது ஆள் அவர்.

ஊர் திருநெல்வேலி, வயது 31. இரண்டாவது ரன்னுக்குத் திரும்பும்போது முழங்காலில் ‘டப்’ என்று ஒரு சத்தம். ஏசிஎல், அதாவது முழங்காலுக்குள் எலும்புகளைப் பிடித்து நிறுத்தும் ஜவ்வு, போய்விட்டது. ஊரில் ‘ஜவ்வு கிழிஞ்சிருச்சு’ என்பார்களே, அதேதான். ஆபரேஷன் முடிந்து ஆறரை மாதம். மேசையில் குப்புறப் படுத்திருக்கிறார். கையில் போன், போனில் ஃபேன்டஸி ஃபுட்பால். என்எஃப்எல் என்னும் அமெரிக்க ஃபுட்பால் லீகின் நிஜ வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுத்து (அதுதான் டிராஃப்ட்), அவர்கள் களத்தில் எடுப்பதை வைத்துப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு.

“அக்கா, நேபர்ஸ் செப்டம்பர்ல வந்துருவாம்லா? டிராஃப்ட்ல எடுக்கலாமா?”

நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் பந்து பிடிக்கும் மாலிக் நேபர்ஸைத் தெரியாமல் இந்த ஊரில் காலம் தள்ள முடியாது. 2024இல் வந்த முதல் சீசனிலேயே 109 கேட்ச், 1,204 யார்டு, 7 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடப்பது). 2025 செப்டம்பர் 28 அன்று, இங்கே ஈஸ்ட் ரதர்ஃபோர்ட் மைதானத்தில் சார்ஜர்ஸுடன் ஆடும்போது அவருக்கும் ஏசிஎல் கிழிந்தது. சீசன் அன்றோடு முடிந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்தது வந்தது: “காட்வின் ஒம்பது மாசத்துக்குள்ள வந்துட்டாம்லா? அப்போ நானும் அடுத்த மாசம் ஒரு மேட்ச் எறங்கிப் பாக்கேன்.”

எழுந்து நிற்கச் சொன்னேன். எட்டு அங்குல உயரப் பலகை. ஒற்றைக் காலில் அதன் மேல் நின்று, மற்றக் குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக இறங்கி, மறுபடி ஏற வேண்டும். நல்ல காலில் பத்து முறை செய்தார், பேசிக்கொண்டே. ஆபரேஷன் செய்த காலில் மூன்றாவது முறையே முழங்கால் உள்பக்கமாகச் சரிந்தது, தொடை நடுங்கியது, கை சுவரைத் தேடியது. முன்தொடைத் தசையின் பலத்தைக் கருவி வைத்து அளந்தேன். நல்ல காலில் இருப்பதில் 68 சதவீதம். இவர் மேட்ச் இறங்குகிறாராம்!

சரி, அவர் உதாரணம் காட்டிய கிறிஸ் காட்வினையே எடுத்துக்கொள்வோம். டாம்பா பே அணியின் வைட் ரிசீவர். அதாவது வேகமாக ஓடி, சட்டென்று திசை மாறி, எறியும் பந்தைப் பிடிப்பதே வேலை. முழங்காலை இதைவிடக் கொடுமைப்படுத்தும் வேலை ரொம்பக் குறைவு. 2021 டிசம்பர் 19 அன்று செயின்ட்ஸுடன் நடந்த ஆட்டத்தில், பந்தைப் பிடித்த நொடியில் எதிரணிக்காரர் நேராக முழங்காலில் வந்து மோதினார், ஏசிஎல் கிழிந்தது. 2022 செப்டம்பர் 11 அன்று டாலஸில், சீசனின் முதல் ஆட்டத்திலேயே காட்வின் களத்தில் நின்றார். காயம்பட்ட நாளிலிருந்து எண்ணினாலே ஒன்பது மாதம் நிறையவில்லை. ஆபரேஷன் அதற்கும் பிறகுதான். (கணக்கை எப்போதும் ஆபரேஷன் நாளிலிருந்து போடுங்கள். காயம்பட்ட நாளிலிருந்து போட்டு என்னிடம் ஒரு மாதம் திருடப் பார்ப்பவர்கள் அதிகம்.)

எல்லோரும் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்த டாலஸ் ஆட்டத்தில் நடந்ததை யாரும் சொல்வதில்லை. 3 கேட்ச், 35 யார்டு, அப்புறம் ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) பிடித்துக்கொண்டு பாதியில் வெளியே போனார். அடுத்த இரண்டு ஆட்டங்கள் கிடையாது. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. மாதக்கணக்கில் முழு வேகத்தில் ஓடாத காலைக் கொண்டுபோய் என்எஃப்எல் ஆட்டத்தில் விட்டால், கிழிந்த இடம் தாங்கினாலும் அதன் அக்கம்பக்கம் எங்கேயாவது விட்டுக்கொடுக்கும்.

அந்த சீசனை அவர் 104 கேட்ச், 1,023 யார்டு, 3 டச்டவுனோடு முடித்தார். ஃபேன்டஸி ஆட்களுக்கு இது அருமையான வருடம். ஒரு கேட்சுக்கு 1 புள்ளி, 10 யார்டுக்கு 1, டச்டவுனுக்கு 6 என்று கணக்கிடும் லீகில் மூன்றும் சேர்த்து 224 புள்ளி. ஆனால் வகுத்துப் பாருங்கள். ஒரு கேட்சுக்கு 9.8 யார்டு. அடிபடுவதற்கு முன் 2021இல் 11.3. அவருக்குப் பந்தை எறிந்த டாம் பிரேடி அந்த வருடம் 733 முறை பந்தை எறிந்து சாதனையே படைத்தார், அதிலும் குட்டை எறிதல்கள் ஏராளம். எனவே எல்லாப் பழியையும் முழங்காலின் மேல் போட மாட்டேன். ஆனால் அடுத்த வருடம், 2023இல், 83 கேட்சில் 1,024 யார்டு. சராசரி 12.3. பிரேடி போய்விட்டார், எறிபவர் மாறிவிட்டார், அதெல்லாம் உண்மைதான். இருந்தாலும் என் தொழில் கண்ணுக்கு இதில் தெரிவது ஒன்று: அவர் களத்துக்கு வந்தது 2022இல், கால் முழுசாக வந்து சேர்ந்தது அதற்கும் அடுத்த வருடம்.

இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் என்னை எரிச்சலின் உச்சிக்குக் கொண்டுபோகிறது. ‘ஒன்பது மாசம் ஆச்சு, அப்புறம் என்ன?’ தேதி பார்த்து முகூர்த்தம் குறிக்க இது என்ன கல்யாணமா?

கொஞ்சம் பொறுமையாகவே சொல்கிறேன். ஏசிஎல் ஆபரேஷனில் கிழிந்த ஜவ்வைத் தைப்பதில்லை. பெரும்பாலும் உங்கள் உடம்பிலேயே வேறு இடத்திலிருந்து ஒரு தசைநாரை எடுத்து அங்கே வைக்கிறார்கள். வைத்த நாளில் அது ஜவ்வு இல்லை. உடம்பு அதை முதலில் நலிய விட்டு, பிறகு புது ரத்த ஓட்டம் கொடுத்து, மெதுவாக ஜவ்வாக மாற்றுகிறது. அது ரொம்பப் பலவீனமாக இருப்பது இரண்டு மூன்று மாதத்தில், அதாவது வலி போய், வீக்கம் வடிந்து, நீங்கள் ‘சூப்பரா இருக்கேன்’ என்று சொல்லும் அதே சமயத்தில். வலி இல்லாததை நம்பாதீர்கள் என்று தொண்டை வற்றக் கத்துவது இதற்காகத்தான்.

இது ஒரு கணக்கு. இதற்கு நேரம் வேண்டும், நீங்கள் தலைகீழாக நின்றாலும் வேகப்படுத்த முடியாது. இரண்டாவது கணக்கு வேறு. முன்தொடைத் தசை, பின்தொடைத் தசை, இடுப்பு, அப்புறம் அந்தக் காலை நம்ப மறுக்கும் மூளை. இதற்கு நேரம் ஒன்றும் செய்யாது, உழைப்புதான் செய்யும். சோபாவில் ஒன்பது மாதம் உட்கார்ந்தால் ஒட்டின ஜவ்வும் வற்றிப்போன தொடையும்தான் மிஞ்சும். காலண்டர் முதல் கணக்கை மட்டும்தான் காட்டும். மக்கள் கேட்பதும் அதை மட்டும்தான்.

அவசரத்துக்கு விலை உண்டு. டெலவேர்–ஓஸ்லோ குழுவின் 2016 ஆய்வு பிசியோக்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஒன்பதாவது மாதம் வரை, விளையாட்டுக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி காயப்படும் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆகவே ஒன்பது மாதம் என்பது குறைந்தபட்சக் காத்திருப்பு, தேர்ச்சிச் சான்றிதழ் இல்லை. அதோடு இரண்டு காலின் பலமும் கிட்டத்தட்ட சமமாக வேண்டும் (90 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நான் பேச்சையே எடுக்க மாட்டேன்), ஒற்றைக்கால் தாண்டும் சோதனைகளும் தேற வேண்டும்.

‘ஆனா ஏட்ரியன் பீட்டர்சன்?’ வந்துவிட்டதா? பந்தோடு ஓடுவதே வேலையாக இருந்த இந்த ஒரு மனிதரால் அமெரிக்கா முழுக்க பிசியோக்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமில்லை. 2011 டிசம்பர் 24இல் ஏசிஎல் கிழிந்து, அடுத்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே இறங்கி, அந்த சீசனில் 2,097 யார்டு ஓடி, சிறந்த வீரர் விருதும் வாங்கினார். மறுக்கவில்லை. ஆனால் அவரைப் பற்றி இன்னும் பேசுகிறோம் என்றால், அப்படி இன்னொருவர் சுலபத்தில் கிடைக்கவில்லை என்றுதானே அர்த்தம்? ரிசீவர் ஓடெல் பெக்கமை ஏன் யாரும் உதாரணம் காட்டுவதில்லை? 2020 அக்டோபரில் இடது முழங்கால். 2022 பிப்ரவரியில் சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில், டச்டவுன் எடுத்த அதே ஆட்டத்தில், யாரும் மோதாமலே அதே முழங்கால். அந்த வருட சீசன் முழுக்க அவர் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. இன்னொரு ரிசீவர் கூப்பர் கப்பும் இருக்கிறார், 2018 நவம்பரில் கிழிந்து, 2019இல் 1,161 யார்டும் 10 டச்டவுனும் எடுத்தவர். நல்லபடியாகத் திரும்புவது நடக்கிறது. எனக்கு வேண்டியதெல்லாம் நீங்கள் எல்லாக் கதைகளையும் படிக்க வேண்டும், பிடித்ததை மட்டுமல்ல.

ஹாம்ஸ்ட்ரிங்கைப் பற்றி இரண்டு வரி. அது ‘வெறும் பிடிப்பு’ இல்லை. 2023இல் ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சன் 7 ஆட்டங்களை இழந்தது அதனால்தான். அதே வருடம் கப்புக்குப் பயிற்சி முகாமில் போனது, திரும்ப முயன்றபோது மறுபடி பிடித்து, முதல் 4 ஆட்டங்களைத் தின்றது. நடக்கும்போது வலிக்காது, மெதுவாக ஓடும்போதும் வலிக்காது. முழு வேகத்தில் கால் முன்னால் வீசும் அந்தக் கடைசி நொடியில்தான் போகும். ஆகவே ‘லைட்டா ஓடிப் பார்த்தேன், ஒண்ணும் இல்ல’ என்பது சோதனையே இல்லை.

இனி, ஃபேன்டஸி ஆட்களே. உங்கள் அணி, உங்கள் பணம், எனக்கென்ன! ஆனாலும் கேட்டுக்கொண்டே இருப்பதால் சொல்கிறேன். ஏசிஎல்லிலிருந்து திரும்பும் ரிசீவரை அவருடைய பழைய விலைக்கு வாங்காதீர்கள். நேபர்ஸுக்கு சீசன் தொடங்கும்போது காயம்பட்டு ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருக்கும். வயதும் சின்னது. காட்வினுக்கு அன்று கிடைத்ததைவிட நல்ல இடைவெளி. அதற்காக முதல் சுற்றில் பாயாதீர்கள். இரண்டு மூன்று சுற்று கீழே இறங்கி வந்தால் எடுங்கள், எடுத்தால் முதல் மாதத்துக்கு வேறு ஒருவரைத் தயாராக வையுங்கள். பிரேக் அடித்துத் திரும்புகிறாரா, ஒரு ஆட்டத்தில் எத்தனை முறை களத்தில் நிற்கிறார் என்று பாருங்கள். பயிற்சியாளர் பேட்டியைப் பார்க்காதீர்கள். ‘தினம் தினம் பார்த்து முடிவெடுப்போம்’ என்று அவர் சொல்வது உங்களுக்காக அல்ல, எதிரணிக்காக. பயிற்சி அறிக்கையில் ‘முழுப் பங்கேற்பு’ என்று வந்தால் அவர் பயிற்சியில் கலந்துகொண்டார் என்று மட்டும்தான் பொருள். சீசன் தொடங்கும்போது காயப் பட்டியலிலேயே இருக்கிறார் என்றால் குறைந்தது 4 ஆட்டம் கிடையாது, அது விதி. தொடங்கும் முன்பே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு என்னைத் திட்டாதீர்கள்.

கணுக்கால் ‘சுளுக்கு’ என்று வந்தாலும் அலட்சியம் வேண்டாம். 2019இல் 149 கேட்ச் என்று சாதனை படைத்த மைக்கேல் தாமஸ், 2020இன் முதல் ஆட்டத்தில் கணுக்காலில் அடிபட்டார். 2021 சீசன் முழுக்க ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. காட்வினுக்கும் 2024 அக்டோபரில், 7 ஆட்டத்தில் 50 கேட்ச் என்று பறந்துகொண்டிருந்தபோது, கணுக்கால் நழுவியது. 2025இன் முதல் 3 ஆட்டங்களில் அவர் இல்லை.

போனை மூடிவிட்டு உங்கள் காலுக்கு வாருங்கள். காட்வினுக்கு அவர் உடம்பே முழுநேர வேலை. காலையிலிருந்து மாலைவரை பயிற்சியாளர், சமையல்காரர், ஐஸ் தொட்டி, அளந்து பார்க்கும் கருவி. உங்களுக்கு என்னோடு வாரத்துக்கு இரண்டு முறை முக்கால் மணி நேரம், அதுவும் இன்சூரன்ஸ் ‘இத்தனை முறைதான்’ என்று கதவைச் சாத்தும்வரை. மீதி நேரம் எட்டு மணி நேரம் நாற்காலியில். அவர் ஒன்பது மாதத்தில் வந்தார் என்றால் உங்களுக்குப் பன்னிரண்டு ஆகலாம். அதில் வெட்கம் என்ன இருக்கிறது? வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சியைச் செய்யுங்கள். செய்யாமல் வந்து ‘செஞ்சேன்’ என்று சொல்லாதீர்கள், தொடையை அளந்தால் தெரிந்துவிடும். அம்மா ஊரிலிருந்து அனுப்பிய எண்ணெயைத் தாராளமாகத் தேயுங்கள், ஆனால் அது தசையை வளர்க்காது. டீம் வாட்ஸாப் குழுவில் ‘ஒரு ஓவர் மட்டும் போடுடா’ என்று கூப்பிடுவார்கள். ஸ்கோர் எழுதுங்கள், அம்பயராக நில்லுங்கள். தயவுசெய்து ஓடாதீர்கள்.

அந்தத் தம்பியிடம் 68 என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “தொண்ணூறு வந்தா விடுவீங்களா?” என்றார். வந்தால் பேசலாம் என்றேன். கிளம்பும்போது கதவருகே நின்று திரும்பினார். “அப்போ நேபர்ஸை மூணாவது ரவுண்டுல எடுக்கட்டா, நாலாவதுலயா?”

நாலு என்றேன். அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி அளப்பேன்.