வாள்பல் புலியா, கத்திப்பல் வெருகா?

சென்னையில் டப்பிங் ஆகும் விலங்குப் படங்களில் ‘வாள்பல் புலி’ உறுமாத படம் குறைவு. பள்ளிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் சார்ட் வரை அது வந்துவிட்டது.

எப்போதோ அழிந்துபோன இந்த விலங்கின் விலங்கியல் பெயர் ஸ்மைலோடான். பிரேசில் குகைகளில் கிடைத்த எலும்புகளைப் பார்த்து டென்மார்க் ஆய்வாளர் லுண்ட் 1842இல் வைத்தது. கிரேக்கத்தில் ‘ஸ்மிலே’ என்றால் செதுக்கும் கத்தி, ‘ஓடோன்’ என்றால் பல். ஆக, கத்திப்பல்.

‘வாள்’ கூடப் பரவாயில்லை. மரம் அறுக்கும் ஈர்வாளும் வாள்தானே என்று குழப்பம் வரும், அவ்வளவுதான். என் சண்டை ‘புலி’யோடு. புலிக்கும் நம் வீட்டுப் பூனைக்கும் உள்ள உறவு, புலிக்கும் இதற்கும் உள்ளதைவிட நெருக்கம். இதன் கிளை பிரிந்து ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகள் ஆகின்றன. எலும்பும் அதையே சொல்கிறது: வால் குட்டை, முன்னங்கால் எலும்பு புலியுடையதைவிடத் தடிமன். ஸ்மைலோடான்களில் பெரிய இனத்தின் கோரைப்பல் வேரோடு சேர்த்து 28 செ.மீ. வரை போகும். ஆனால் பக்கவாட்டில் தட்டையானது, திருகினால் முறியும். அதனால் இரையை முதலில் முன்னங்கால்களால் அமுக்கிப் பிடித்துவிட்டுத்தான் கடித்திருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸின் லா பிரேயா தார்க்குழிகளில் கிடைத்த எலும்புகளில், இப்படி மல்லுக்கட்டியதன் காயங்கள் தோளிலும் முதுகிலும் தெரிகின்றன.

‘புலி என்றால்தான் மக்களுக்குப் புரியும்’ என்பது மொழிபெயர்ப்பாளர்களின் வாதம். எது புரியும்? தப்பாகப் புரியும். தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ‘வாளெயிற்று வேங்கை’ என்கிறார்கள். வேங்கை என்றால் மட்டும் எலும்பு மாறிவிடுமா? அர்ஜென்டினாவில் வாழ்ந்து அழிந்த தைலகோஸ்மைலஸ் என்ற விலங்குக்கும் நீண்ட கோரைப்பல் உண்டு. அது கங்காருவின் தூரத்துச் சொந்தம். பல்லை மட்டும் பார்த்தால் அதுவும் புலியாகிவிடும்! 1824இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே இப்படி ஒரு கோரைப்பல்லைக் கரடியுடையது என்றார். அவர் கையில் இருந்தவை உதிரிப் பற்கள். இன்று முழு எலும்புக்கூடுகளே இருக்கின்றன. ஆங்கில அறிஞர்களே புலியை விட்டுப் ‘பூனை’ என்று எழுதுகிறார்கள். நாம்தான் பழைய அகராதியைப் பிடித்துத் தொங்குகிறோம்.

பூனை என்றால் பிள்ளைகள் சிரிப்பார்களாம். சரி, ‘வெருகு’ இருக்கிறதே! காட்டுப்பூனைக்குத் தொல்காப்பியம் ஆளும் சொல். குறுந்தொகையில் முல்லை மொட்டு வெருகு பல்லைக் காட்டியதுபோல் இருக்கும். பல்லுக்குப் பேர்போன விலங்குக்கு இதைவிடப் பொருத்தம் எது? கத்திப்பல் வெருகு என்போம். சற்றே குட்டையான, ஓரம் ரம்பம்போல் கருக்கு வைத்த பல் கொண்ட, அழிந்துபோன இன்னொரு உறவான ஹோமோதீரியத்துக்குக் கருக்கரிவாள்பல் வெருகு.