நிற்க வைத்தும் பிரஷர் பாருங்கள்

பார்கின்சன் (நடுக்குவாதம்) உள்ள பெரியவர் விடியற்காலையில் பாத்ரூமுக்கு எழுந்து, கதவருகே விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து வருகிறார். கூடவே வரும் ஃபைலில் பிரஷர் 150/90, அதற்கு ஒரு மாத்திரை. அத்தனையும் உட்கார வைத்துப் பார்த்த அளவு. இந்த மாதமும் இப்படித்தான். சலித்துப்போய் எழுதுகிறேன்.

"அப்பாவுக்கு ஹை பிரஷர் ஆச்சே, லோ பிரஷர் எப்படி வரும்?" வரும். ஒரே ஆளுக்கு, ஒரே நாளில் இரண்டும் வரும். படுத்தால் 170, எழுந்து நின்றால் 95. நிற்கும்போது ரத்தக்குழாயைச் சுருக்கும் நரம்புகளும் பார்கின்சனில் பழுதாகின்றன. உட்கார்ந்திருக்கையில் வந்த அளவை மட்டும் நம்பி மாத்திரையைக் கூட்டினால் அவரை நாமே கீழே தள்ளுகிறோம்.

5 நிமிடம் படுக்க வைத்து அளவெடுங்கள். கைப்பட்டையைக் கழற்றாமல் எழுப்பி நிறுத்தி, 1ஆவது நிமிடமும் 3ஆவது நிமிடமும் பாருங்கள். ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். கண் இருட்டினால் உடனே உட்கார வையுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் குறித்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். எல்லோருக்கும் தலை சுற்றாது. நின்றால் பிடரியும் தோளும் வலிக்கிறது, கால் துவள்கிறது என்பார்கள், அதுவும் இதுதான்.

புரோஸ்டேட்டுக்கு ஒருவர் டாம்சுலோசின் எழுதியிருப்பார், பிரஷருக்கு இன்னொருவர். பார்கின்சனுக்குத் தரும் லெவோடோபாவும் தன் பங்குக்குப் பிரஷரை இறக்கும். எல்லாச் சீட்டையும் ஒரே டாக்டரிடம் காட்டுங்கள். தயவுசெய்து லெவோடோபாவை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்புமாக ஐசியுவில் போய் முடியலாம்.

எழுவதற்கு முன் 400 முதல் 500 மில்லி தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்து எழட்டும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்கள் கேட்டுவிட்டுக் குடிக்கவும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே 6 அங்குலத்துக்குச் செங்கல் வையுங்கள், தலையணை அடுக்குவது போதாது. தட்டு நிறையச் சோறு சாப்பிட்டாலும் பிரஷர் இறங்கும். பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். சுடச்சுட வெந்நீரைத் தலைக்கு ஊற்றாதீர்கள். ராத்திரியில் ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கட்டும், இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை.

பிரஷரை ஏற்றும் மிடோட்ரின் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், கடைசி மாத்திரைக்கும் படுக்கைக்கும் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மத்தியானத் தூக்கமும் படுக்கைதான். அதையும் கணக்கில் சேருங்கள்.