நெட்டுவாக்கில் அறுக்கக் குறுக்குப் பல் ரம்பத்தை எடுக்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு ஒரு தம்பி வந்தார். இடது கட்டைவிரலில் பெரிய கட்டு, உள்ளே ஏழு தையல். வலது கையில் செய்தித்தாளில் சுற்றிய ரம்பம். "அண்ணே, இது வெட்டவே மாட்டேங்குது, கொஞ்சம் தீட்டிக் கொடுங்க" என்றார். தாளைப் பிரித்ததுமே நடந்தது புரிந்துவிட்டது. ஜப்பான் மாதிரி இழுவை ரம்பம், அதாவது இழுக்கும்போது வெட்டுவது, ஒரு பக்கம் மட்டும் பல், அதுவும் பொடிப் பல், தகடு நடுவில் மடங்கியிருந்தது. என்ன அறுத்தீர்கள் என்று கேட்டேன். ஒரு இஞ்ச் தேக்குப் பலகையாம், மூன்றடி நீளத்துக்கு நெட்டுவாக்கில், அதையும் தள்ளித் தள்ளி.

இந்த வருடத்தில் இப்படிக் கட்டோடு வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். நாலு பேருக்கும் இடது கைதான், மூன்று பேருக்குக் கட்டைவிரல். இருபத்தாறு வருடமாக ரம்பம் பிடிக்கிறேன், மற்றவர்களின் ரம்பங்களுக்கு அரம் போட்டும் கொடுக்கிறேன். வீட்டிலேயே அலமாரி செய்து பார்க்கலாம் என்று ஆசையோடு மரவேலைக்கு வருகிற பிள்ளைகள் முதல் மாதத்திலேயே தையலோடு நிற்பதைப் பார்க்க மனசு தாங்கவில்லை. ஆகவே எந்த ரம்பம் எதற்கு என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் நாலு பேரும் ஒரே நம்பிக்கையோடு வந்தார்கள்: ரம்பம் வெட்டவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் அழுத்த வேண்டும் என்பது. இல்லை. அழுத்தக்கூடாது. ரம்பம் வெட்டுவது பல்லால், பல்லுக்கு முன்னே இருக்கிற பள்ளம் தூளை வெளியே கொண்டுபோவதால். அந்தப் பள்ளம் நிரம்பிவிட்டால் பல் மரத்தைத் தொடவே தொடாது, தூளின் மேல் சறுக்கிக்கொண்டிருக்கும். நீங்கள் அழுத்த அழுத்தப் பள்ளம் இன்னும் சீக்கிரம் நிரம்பும், தகடு சூடாகும், மரத்துக்குள் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை விடுவிக்க இன்னும் பலமாகத் தள்ளுவீர்கள். அப்போது தகடு வளைந்து வெட்டிலிருந்து துள்ளி வெளியே வரும். வெளியே வருகிற பாதையில் பலகையைப் பிடித்திருக்கிற உங்கள் இடது கை இருக்கும். இவ்வளவுதான் அந்த ஏழு தையலின் கதை. சரியான ரம்பமாக இருந்து பல்லும் கூராக இருந்தால் அதன் சொந்த எடையே போதும். மூன்று விரலால் பிடியைச் சுற்றிக்கொண்டு, ஆள்காட்டி விரலை முன்னால் நீட்டி, லேசாக ஓட்டிப் பாருங்கள். இறங்கவில்லையா, நிறுத்துங்கள். ரம்பம் தவறானது, அல்லது பல் மொக்கை, அல்லது பலகை சரியாகத் தாங்கப்படவில்லை. உங்கள் கையில் பலம் போதாததுதான் காரணம் என்று மட்டும் நினைக்காதீர்கள். என் பட்டறையில் பள்ளிக்கூடம் படிக்கிற பெண் பிள்ளை வேங்கைக் கட்டையை அறுக்கிறாள், மூச்சு வாங்காமல்.

இதோடு ஒட்டிய இன்னொரு பழக்கம். 22 இஞ்ச் ரம்பத்தை வாங்கிவிட்டு நடுவில் இருக்கிற நாலு இஞ்ச்சை மட்டும் வேக வேகமாகத் தேய்ப்பது. அந்த நாலு இஞ்ச் ஒரே மாதத்தில் மழுங்கிவிடும், மீதிப் பல் கடையில் வாங்கியபடியே பளபளவென்று இருக்கும். நீளமாக, நிதானமாக, பிடியிலிருந்து நுனிவரை ஓட்டுங்கள்.

இப்போது பல்லுக்கு வருவோம். மரத்தின் ரேகையோடு போகிற வெட்டு நெட்டுவாக்கு, ரேகையை வெட்டிக்கொண்டு போவது குறுக்குவாக்கு. நெட்டு ரம்பத்தின் பல் ஒவ்வொன்றும் குட்டி உளி மாதிரி, நாரைச் சீவி எடுக்கும். குறுக்கு ரம்பத்தின் பல் கத்தி முனை மாதிரி, நாரை இரண்டு பக்கமும் கீறி அறுக்கும். உளியை வைத்து நாரைக் குறுக்கே சீவினால் பிய்ந்துபோகும், கத்தி முனையால் நாரை நீளவாக்கில் கீறிக்கொண்டே இருந்தால் பொழுது போகும், பலகை இரண்டாகாது. அந்தத் தம்பிக்கு நடந்தது இரண்டாவது. நெட்டுவாக்குக்கு இஞ்ச்சுக்கு 5 முதல் 7 பல், குறுக்குவாக்குக்கு 8 முதல் 12 பல் என்பது கைரம்பத்தில் பொதுவான கணக்கு. பல் பொடிப்பொடியாக இருந்தால் உயர்ந்த ரம்பம் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். பொடிப் பல் மெல்லிய பலகைக்கும் மூட்டு வெட்டுகிற வேலைக்கும் உரியது. தடித்த பலகையைப் பிளக்கப் பெரிய பல்தான் வேண்டும், அதன் பெரிய பள்ளத்துக்காகவே வேண்டும்.

ரம்பங்களை மூன்று வகையாகப் பார்க்கலாம். முதலாவது, பல் நுனியை மட்டும் கடினப்படுத்தியவை; கடையில் இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இவைதான். ஸ்டான்லி, பாக்கோ, இர்வின், ஸ்பியர் அண்டு ஜாக்சன் எல்லாரிடமும் இருக்கிறது. பிளாஸ்டிக் பிடி, 20 அல்லது 22 இஞ்ச் நீளம், இஞ்ச்சுக்கு 7 அல்லது 8 பல். பல்லின் நுனியை உற்றுப் பாருங்கள், கருநீலமாக ஒரு கோடு ஓடும். மின்காந்தத் தூண்டலில் சூடாக்கிக் கடினப்படுத்திய அடையாளம் அது. புதிதாக இருக்கும்போது இவை அருமையாக வெட்டும், அதை நான் மறுக்கவே மாட்டேன், என் வண்டியிலேயே ஒன்று கிடக்கிறது. பிளைவுட், சென்ட்ரிங் பலகை, ஆணி இருக்குமோ என்று சந்தேகப்படுகிற கட்டை, எல்லாவற்றுக்கும் அதைத்தான் எடுப்பேன். பல் மூன்று பக்கமும் தீட்டியிருப்பதால் குறுக்கே நன்றாகவே போகும், நெட்டுவாக்கிலும் கொஞ்ச தூரம் சமாளிக்கும். மூன்றடி தேக்கு என்றால் சமாளிக்காது.

ஆனால் இவற்றுக்கு அரம் போட முடியாது. தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள். அந்த நுனி அரம் ஏறாத அளவுக்குக் கடினமாக இருக்கிறது, முப்பட்டை அரத்தை வைத்தால் கண்ணாடியில் சறுக்குவது போல சறுக்கும், என் அரம்தான் பாழாகும். தீட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி விற்கிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள், வாங்கினவர் நேராக என்னிடம் வந்து ஏமாந்து நிற்கிறார். மழுங்கினால் மாற்றவேண்டியதுதான். தூக்கிப் போடாமல் தகட்டைச் சதுரமாக வெட்டி விளிம்பைத் தேய்த்து வைத்துக்கொண்டால் பலகையை வழவழப்பாகச் சுரண்ட நல்ல ஸ்க்ரேப்பர் ஆகும்.

இரண்டாவது, இழுவை ரம்பங்கள். ஜப்பானியர்களுடையது. ரியோபா என்றால் இரண்டு பக்கமும் பல், ஒன்று நெட்டுக்கு, மற்றது குறுக்குக்கு. கட்டாபா என்றால் ஒரு பக்கம் மட்டும். டோசுக்கி என்றால் மேலே இரும்பு முதுகு வைத்தது, மூட்டு வெட்டுவதற்கு. இழுக்கும்போது தகடு விறைப்பாக நிற்கும், ஆகவே மெல்லிய தகடே போதும், வெட்டும் மெலிதாக விழும். தள்ளும் ரம்பத்துக்குத் தடித்த தகடு வேண்டியிருப்பது இதற்காகத்தான். எங்கள் தாத்தாவும் தரையில் உட்கார்ந்து கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு இழுத்துத்தான் அறுப்பார், எனவே இழுத்து அறுப்பது எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. ரியோபாவை எனக்கு நிரம்பப் பிடிக்கும். ஒன்றே ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறவருக்கு நான் சொல்வதும் அதைத்தான், பல் தீர்ந்தால் தகட்டை மட்டும் மாற்றுகிற வகையாகப் பார்த்து வாங்கச் சொல்வேன்.

இரண்டு எச்சரிக்கை. தள்ளாதீர்கள். மெல்லிய தகடு ஒருமுறை மடங்கினால் பிறகு நேராக ஓடாது. அடுத்தது, அங்கே அவர்கள் பெரும்பாலும் அறுப்பது சுகி, ஹினோக்கி மாதிரி மென்மரம். நம் ஊர்த் தேக்கில் மணல் மாதிரி சிலிக்கா இருக்கிறது, பல்லைச் சீக்கிரம் தின்றுவிடும். வேங்கை, கருவேலம் என்றால் அவசரப்பட்டுக் கடித்து இழுத்தாலே பொடிப் பல்லின் நுனி ஒடியும். பழைய வீடு இடித்த மரத்தில் இதைத் தொடவே தொடாதீர்கள், எங்கோ ஒரு ஆணி முறிந்து உள்ளே கிடக்கும். நான் முதலில் காந்தத்தை மேலே தடவிப் பார்த்துவிட்டுத்தான் எதையும் வைப்பேன்.

மூன்றாவது, அரம் போட்டுப் போட்டு வாழ்நாள் முழுக்க வைத்திருக்கிற பழைய வகை. என் அப்பாவின் ஷெஃபீல்டு ரம்பம் இன்னும் வேலை செய்கிறது, இஞ்ச்சுக்கு ஐந்தரைப் பல், மரப்பிடி, 26 இஞ்ச். ஹென்றி டிஸ்டன் 1840இல் ஃபிலடெல்பியாவில் தொடங்கிய கம்பெனியின் பழைய ரம்பங்களை இன்றும் தேடிப்பிடித்து வாங்குகிறவர்கள் உண்டு, எஃகு அப்படி. இன்றைக்கும் லீ நீல்சன், வெரிடாஸ் போன்றவர்கள் இந்த வகையைச் செய்கிறார்கள், விலை நம் கைக்கு எட்டாது. பழைய இரும்புக்கடையில் துருப்பிடித்துக் கிடப்பதை எடுத்தால்கூடப் போதும், தகடு நேராக இருந்து பல் உயரம் மிச்சமிருந்தால் சரிபண்ணலாம். நெட்டுவாக்கில் அடிக்கணக்காக அறுக்கிற எண்ணம் இருந்தால் இதுதான் ரம்பம். வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன்.

மரக்கிளை வெட்டுகிற மடக்கு ரம்பத்தால் காய்ந்த பலகையை அறுக்கிறவர்களும் வருகிறார்கள். அது பச்சை மரத்துக்கு. இரும்பு அறுக்கும் ஹேக்சாவை மரத்தில் வைப்பதைப் பற்றி எழுதவே எனக்குப் பொறுமை இல்லை.

சரி, கைக்கு வருவோம். பலகையைக் கையால் பிடித்துக்கொண்டு அறுக்காதீர்கள். பலகையை மேசையோடு திருகி இறுக்குகிற சி கிளாம்ப் இரண்டு வாங்குங்கள், ரம்பம் வாங்குகிற அன்றே. ரம்பம் ஆயிரம் ரூபாய்க்கு வாங்குகிறவருக்குக் கிளாம்ப் வாங்கக் காசில்லை என்றால் ரம்பத்தைத் தள்ளிப் போடுங்கள். முழங்கால் உயரத்தில் பலகையை வைத்து, தோள், முழங்கை, ரம்பம் மூன்றும் ஒரே கோட்டில் வரும்படி நில்லுங்கள். தரையில் உட்கார்ந்து காலால் மிதிக்கிறவர்கள், பெருவிரல் ரம்பம் போகிற கோட்டில் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

கை கிழிவது அதிகமும் வெட்டைத் தொடங்கும்போதுதான். கட்டைவிரலை ஒட்டி ரம்பத்தை வைத்து முதல் இழுப்பை இழுப்பது எல்லோரும் சொல்லிக் கொடுக்கிற முறை, நானும் அப்படித்தான் பழகினேன், புதிதாக வருகிறவர்களுக்கு இப்போது அதைச் சொல்லித் தருவதில்லை. சதுரமாக ஒரு கட்டைத்துண்டைக் கோட்டில் வைத்துப் பிடித்து, அதன் ஓரமாக ரம்பத்தை ஓட்டுங்கள். தள்ளும் ரம்பமானால் முதலில் மெதுவாக இரண்டு மூன்று தடவை பின்னுக்கு இழுத்து ஒரு நூல், அதாவது அரைக்கால் இஞ்ச், ஆழம் விழுந்த பிறகு தள்ளுங்கள். ரியோபாவில் நெட்டுப் பல் பிடிக்குப் பக்கத்தில் சிறிதாக இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள். நெட்டு அறுக்கும்போது பலகைக்கும் ரம்பத்துக்கும் சுமார் 60 பாகை சாய்வு, குறுக்கே 45. நீளமான வெட்டில் பலகை மூடிக்கொண்டு தகட்டைப் பிடித்தால் வெட்டுக்குள் சின்ன ஆப்பு ஒன்றைச் சொருகுங்கள். தகட்டின் இரு பக்கமும் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். வெட்டு முடிகிற நேரத்தில் வேகத்தைக் குறைத்து, விழப்போகிற துண்டை யாராவது தாங்கட்டும். மெல்லிய பிளைவுட்டில் குறைந்தது மூன்று பல்லாவது ஒரே நேரத்தில் மரத்தில் இருக்கிற மாதிரிப் பல் வேண்டும், இல்லாவிட்டால் மாட்டி இழுத்துக் கிழிக்கும். வேலை முடிந்ததும் பல்லுக்கு உறை போடுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் ஆணியில் தொங்கவிடாதீர்கள்.

அப்படியும் கிழித்துக்கொண்டால், ஓடுகிற தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் இறுக்கி அழுத்தி, கையை உயரத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காபித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். ரம்பக் காயம் கத்திக்காயம் மாதிரி ஒரே கோடாக இருக்காது, சதை பிய்ந்திருக்கும், உள்ளே மரத்தூளும் இருக்கும். விரல் மடங்கவில்லை, நுனி மரத்திருக்கிறது என்றால் டாக்டரிடம் அதைத் தவறாமல் சொல்லுங்கள், நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று கேட்பார்கள். அதற்கும் பதிலை யோசித்து வையுங்கள்.

அந்தத் தம்பி பலகையையும் வண்டியில் கட்டிக்கொண்டே வந்திருந்தார். பாதி அறுத்து நின்றுபோன வெட்டு, கோட்டைவிட்டு மூன்று நூல் விலகி. பட்டறை மேசையில் கிளாம்ப் போட்டு இறுக்கி, அப்பாவின் ரம்பத்தை அவரிடம் கொடுத்தேன். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொன்னேன். வலது கையால் மட்டும், அழுத்தாமல், நீளமாக ஓட்டினார். மிச்சமிருந்த ஒன்றரை அடி டீ வருவதற்குள் முடிந்துவிட்டது. "இவ்வளவுதானாண்ணே?" என்று கேட்டுவிட்டு மரத்தூளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தையல் பிரித்த பிறகு வரச் சொல்லியிருக்கிறேன், கிளாம்ப் இரண்டோடு.